எண்ணெய்ப் படலமும் ஒரு சாய்ந்த கோடும்

ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் கோமுட்டேரி என்றொரு சின்ன ஏரி இருக்கிறது. காற்றில்லாத காலையில் அதில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பரவிக் காணாமல் போய்விடும். எங்கே போனது? 1774இல் பெஞ்சமின் பிராங்க்ளின் இதைப் பற்றி எழுதினார். லண்டன் குளமொன்றில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் அரை ஏக்கர் தண்ணீரின் அலையை அடக்கியதாம். 5 மில்லிலிட்டரை 2,000 சதுர மீட்டருக்குப் பரப்பினால் தடிமன் 2.5 நானோமீட்டர். அதாவது ஒரே ஒரு மூலக்கூறின் உயரம்! மனிதர் அந்த வகுத்தலை மட்டும் போடவில்லை.

அடுத்தவர் எனக்கு மிகவும் பிடித்தவர், ஆக்னஸ் போக்கல்ஸ். ஜெர்மனியில் பெண்களுக்குக் கல்லூரிக் கதவு மூடியிருந்த காலம். வீட்டில் பாத்திரம் கழுவும் தண்ணீரைக் கவனித்து, ஒரு தகரத் தொட்டி செய்தார். குறுக்கே ஒரு பட்டையை நகர்த்தி மேற்பரப்பில் உள்ள அழுக்கை ஒதுக்கினார். அதே பட்டையால் படலத்தை நெருக்கி அளந்தார். 1891இல் ரேலி பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் 'நேச்சர்' இதழில் வந்தது.

படலத்தை நெருக்க நெருக்க அது வாயு போல, திரவம் போல, திடப்பொருள் போல நிலை மாறும். இங்கேதான் சண்டை. தண்ணீர் கொதித்து முடியும்வரை வெப்பநிலை ஏறாது, இல்லையா? அதுபோல இரண்டு நிலைகள் சேர்ந்திருக்கும்போது அழுத்தம் ஏறக்கூடாது, வரைபடத்தில் கோடு படுக்கையாக இருக்க வேண்டும். சதுரங்கக் கட்டங்களில் மூலக்கூறுகளை வைத்து எண்ணும் புள்ளியியல் மாதிரியும் அதையே சொன்னது. 1944இல் ஓன்சாகர் கண்ட தீர்வை வைத்து லீயும் யாங்கும் 1952இல் இதைக் காட்டினார்கள். ஆனால் ஆய்வகங்களில், திரவம் போன்ற ஒரு நிலையிலிருந்து இன்னும் நெருக்கமான நிலைக்கு மாறும் இடத்தில், கோடு சாய்ந்தே வந்தது. மூலக்கூறுகள் சின்னக் கொத்துகளாகச் சேர்கின்றன என்று 1933இலேயே லாங்மியூர் ஒரு விளக்கம் சொல்லியிருந்தார். பிறகும் சாய்வை விளக்கப் புதுப்புது மாதிரிகள் வந்துகொண்டே இருந்தன.

1985இல் பல்லாஸ், பெத்திகா என்ற இருவர் பென்டாடெக்கனாயிக் அமிலத்தை மிகக் கவனமாகச் சுத்தம் செய்து அளந்தார்கள். கோடு படுத்துவிட்டது! அத்தனை பேரும் இத்தனை வருடமாக அழுக்குக்கு மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

அப்போது நிலைமாற்றத்தைக் கண்ணால் பார்க்கப் படலத்தில் ஒளிரும் சாயம் கலப்பார்கள். அந்தச் சாயமும் ஓர் அழுக்குதானே! 1991இல் சாயமே வேண்டாத புரூஸ்டர் கோண நுண்ணோக்கி வந்தது. நமக்குப் பக்கத்தில், பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்திலும் இந்தப் படலங்களை ஆராய்ந்திருக்கிறார்கள்.

கோமுட்டேரியில் இந்தக் கோட்டை வரைய முடியாது. இலையும் பாசியும் நமக்கு முன்பே அங்கே படலம் போட்டிருக்கும்.