அநாதை நூல்களும் ஹாதிட்ரஸ்ட் வழக்கும்

கூகுள் நிறுவனம் 2004 டிசம்பரில் மிஷிகன், ஹார்வர்ட் முதலிய பல்கலைக்கழகங்களோடு உடன்பாடு கண்டு அவற்றின் நூல்களை மின்னாக்கம் செய்யத் தொடங்கியபோது, ஒவ்வொரு நூலின் மின்படியும் அந்தந்த நூலகத்துக்கும் கிடைத்தது. அப்படிகளை ஒரே இடத்தில் பேணிக் காக்க அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 2008இல் கூடி நிறுவிய மின்னூலகமே ஹாதிட்ரஸ்ட். பதிப்புரிமை நீடிக்கும் நூலொன்றில் அங்கே ஒரு சொல்லைத் தேடுபவருக்கு, அது எந்தப் பக்கங்களில் எத்தனை முறை வருகிறது என்பது மட்டுமே தெரியும். ஒரு வரிகூடக் காட்டப்படாது. அச்சைப் படிக்க இயலாத பார்வையற்றோருக்கு மட்டும் முழு நூலும் திறந்தது.

எழுதிய கணமே உரிமை பிறக்கும், பதிவு வேண்டியதில்லை என்று 1976ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் வகுத்ததாலும், ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும் என 1998இல் காலம் நீட்டப்பட்டதாலும், உரிமை உயிரோடிருந்தும் உரியவர் யாரென்று அறிய முடியாத நூல்கள் பெருகின. 'அநாதை நூல்கள்' எனப்படும் இவற்றை இனங்கண்டு, பட்டியலை வெளியிட்டு, 90 நாள்களுக்குள் எவரும் உரிமை கோராவிட்டால் தன் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் திறந்துவிட மிஷிகன் பல்கலைக்கழகம் 2011இல் முனைந்தது. அந்த செப்டம்பரில் எழுத்தாளர் சங்கமான ஆதர்ஸ் கில்டும் பிறரும் இத்திட்டத்தோடு மின்னாக்கத்தையும் எதிர்த்து ஹாதிட்ரஸ்ட் மீது வழக்குத் தொடுத்தனர். பட்டியலிலிருந்த 'தி லாஸ்ட் கன்ட்ரி' நாவலின் ஆசிரியர் ஜே. ஆர். சலமாங்கா உயிரோடிருப்பதையும் அவருக்கு இலக்கிய முகவர் இருப்பதையும் சங்கம் சில நாள்களிலேயே கண்டறிந்தது. எல்விஸ் பிரெஸ்லி நடித்து 1961இல் வெளியான திரைப்படத்துக்கு மூலமான நாவல் அது என்பதால், தேடல் எவ்வளவு மேலோட்டமாக நடந்தது என்பது வெட்டவெளிச்சமாயிற்று. பல்கலைக்கழகம் உடனே திட்டத்தை நிறுத்திவைத்தது. தேடும் முறையைச் செம்மைப்படுத்தித் தொடர்ந்திருக்க வேண்டிய பணி, அவசரத்தால் முளையிலேயே கருகியது பெரும் இழப்பு.

உரிமையாளரின் இசைவின்றியே ஆய்வு, கல்வி போன்றவற்றுக்குப் படைப்பைக் கையாள இடமளிக்கும் 'நியாயமான பயன்பாடு' என்னும் விதிவிலக்கின்கீழ், சொல் தேடலும் பார்வையற்றோர் வாசிப்பும் சட்டத்துக்கு உட்பட்டவையே என்று நியூயார்க் நீதிமன்றம் 2012இலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இலும் தீர்ப்பளித்தன. தேடுவதற்காகப் படியெடுப்பது நூலை வாங்கிப் படிப்பதற்கு மாற்றாகாது என்பதை நீதிபதிகள் தெளிவாக உணர்ந்திருந்தனர். அநாதை நூல்களைப் பற்றியோ, திட்டமே நின்றுவிட்டதால் தீர்ப்புக்கு வேளை வரவில்லை என்று இரு நீதிமன்றங்களும் ஒதுங்கிக்கொண்டன. இந்நூல்களுக்கு வழி காண 2008இல் வந்த மசோதாவும் செனட்டில் நிறைவேறியபின் பிரதிநிதிகள் சபையைத் தாண்டாமல் காலாவதியாகியிருந்தது.