கணிப்பொறிக்குள் ஒரு நகரம்

வீடு கட்டுவோர் முதலில் படம் வரைந்து பார்ப்பர். பிழை காணின் அழித்துத் திருத்திக்கொள்வர். நகரம் அமைப்போருக்கு அவ்வாய்ப்பு அரிது. மக்கள் குடியேறிப் பல்லாண்டுகள் சென்ற பின்னரே திட்டத்தின் குறை புலப்படும். மக்கள் வாழ்வையும் முன்னரே வரைந்து பார்க்க இயலுமா? இவ்வினாவுக்குக் கணிப்பொறியின் துணைகொண்டு விடை தேடியவருள் ஜே ஃபாரஸ்டர் குறிப்பிடத்தக்கவர்.

1918இல் பிறந்த ஃபாரஸ்டர், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு கால்நடைப் பண்ணையில் வளர்ந்தவர். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 'வேர்ல்விண்ட்' என்னும் கணிப்பொறியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1956இல் மேலாண்மைத் துறைக்கு மாறி, தொழிற்சாலைகளின் ஏற்ற இறக்கங்களைக் கணிப்பொறியால் ஆராய்ந்தார். பின்னர், பாஸ்டன் நகரின் முன்னாள் மேயர் ஜான் காலின்ஸ் அக்கழகத்துக்கு வந்துசேர்ந்தார். இருவரும் நிகழ்த்திய உரையாடலின் பயனாக 1969இல் நகர இயக்கவியல் பற்றிய ஃபாரஸ்டரின் நூல் வெளிவந்தது.

தொழில், வீடு, மக்கள் ஆகிய மூன்றுமே அவர் அமைத்த மாதிரி நகரின் கூறுகள். ஒன்று மாறினால் மற்றவை எவ்வாறு மாறும் என்பதை அவர் சமன்பாடுகளாக்கினார். அவற்றைக் கொண்டு கணிப்பொறி அந்நகரின் 250 ஆண்டு வாழ்வைக் கணக்கிட்டது. விடையோ பலரைத் திடுக்கிடச் செய்தது. மலிவான வீடுகள் கட்டினால் மேலும் ஏழைகள் வருவர், தொழிலுக்குரிய நிலம் குறையும், வேலை அருகும். ஆதலின் ஆண்டுதோறும் சேரி வீடுகளில் 5 விழுக்காட்டை இடித்துத் தொழிலுக்கு இடமளிப்பதே நன்று என்றது அம்முடிவு. தொழில் பெருகினால் ஏழைகளும் உயர்வர் என்பது ஃபாரஸ்டரின் வாதம்.

ஆயின், வீடிழந்தோர் எங்கே செல்வர்? சுற்றுப்புற ஊர்கள் அம்மாதிரியில் இடம்பெறவில்லை. நகரை விட்டு நீங்கியோர் கணக்கை விட்டும் நீங்கினர். திறனாய்வாளர் இக்குறையைச் சுட்டினர். உண்மை நகரங்களின் புள்ளிவிவரம் போதிய அளவு இல்லை என்றும் கண்டித்தனர். 1973இல் டக்ளஸ் லீ என்னும் அறிஞர், இத்தகைய பெரிய மாதிரிகள் அனைத்துக்கும் இரங்கற்பா பாடுவதுபோல் ஒரு கட்டுரை எழுதினார்.

எனினும் அக்கருத்து மாயவில்லை. ஃபாரஸ்டரின் நூலால் தூண்டப்பெற்ற வில் ரைட் ஆக்கிய 'சிம்சிட்டி' என்னும் விளையாட்டு 1989இல் வெளிவந்தது. நகரை ஆக்கவும் அழிக்கவும் எண்ணற்றோர் அதில் பழகினர்.

இன்று கணிப்பொறிகளின் ஆற்றல் பன்மடங்கு பெருகியுள்ளது. கணக்கிடுவது பொறியே எனினும், எதைக் கணக்கில் சேர்ப்பது என்று முடிவு செய்பவன் மனிதன். ஆகவே ஒரு மாதிரியின் விடையை ஏற்குமுன், அதன் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் யாவர் என்று கேட்டல் வேண்டும்.