ஆமைக் கரையின் பழைய வியாபாரம்

கோஸ்டா ரிகாவின் கரீபியன் கரையிலுள்ள டோர்ட்டுகேரோ கிராமத்துக்கு இன்றளவும் சாலை கிடையாது. படகேறி, இருமருங்கும் மழைக்காடு கவிந்த கால்வாய்களின் வழியே, மரக்கிளைகளில் ஊளையிடும் குரங்குகளையும், பேரலகு படைத்த டூக்கான் பறவைகளையும், கண் மட்டும் தெரிய நீரில் அமிழ்ந்து கிடக்கும் கெய்மன் முதலைகளையும் பார்த்துக்கொண்டே வந்து, இரவில் கடலாமை முட்டையிடும் காட்சியையும் கண்டு களிக்கும் யாத்திரிகர்கள், மனிதர் கைபடாத ஒரு புண்ணிய பூமியைத் தரிசித்துவிட்டதாகவே எண்ணித் திரும்புகிறார்கள். தாம் வந்த கால்வாய்களிற் சில மரவியாபாரிகள் கட்டைகளை மிதக்கவிட்டுக் கொண்டுபோக வெட்டியவை என்பதும், தாம் நடந்த மணல்வெளி நெடுங்காலம் ஓர் இறைச்சி வியாபாரத்தின் கொள்முதற்களமாக விளங்கியது என்பதும் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

நம் மன்னார் வளைகுடா மீனவர் பேராமை என்று வழங்கும் பச்சைக் கடலாமை, கடற்புல்லை மேய்ந்து வளரும் சாதுவான பிராணி. மல்லாக்கக் கிடத்தி, அவ்வப்போது நீர் தெளித்து வந்தால், கப்பல் தளத்திலே வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். குளிர்பதன வசதி இல்லாத அந்தக் காலத்து மாலுமிகளுக்கு இதைக் காட்டிலும் வாய்ப்பான ஆகாரம் ஏது? பின்னர் லண்டன் மாநகரத்து விருந்துகளில் ஆமை சூப் அந்தஸ்தின் சின்னமாகிவிடவே, தம் தீவுகளைச் சுற்றியிருந்த ஆமைகளைத் தீர்த்துவிட்ட கேமன் தீவினர், முதலில் கியூபாவின் தென்கரையையும், அதுவும் வற்றியபின் நிகராகுவாவை அடுத்த மிஸ்கிட்டோ திட்டுகளையும் நாடிப் பாய்மரம் விரித்தார்கள்.

டோர்ட்டுகேரோவிலோ வேட்டை கரையிலேயே நடந்தது. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீண்ட அந்தக் கரையை மைல் மைலாகப் பங்கிட்டு, ஒவ்வொரு மைலையும் ஒரு வேலடோர், அதாவது இராவிழிப்பவர், குத்தகை நிலம்போல் பார்த்துக்கொண்டார். முட்டையிட வரும் தாயாமையைப் புரட்டிப்போட்டுவிட்டால் அது தானே நிமிர்ந்துகொள்ள இயலாது. அலையின் உக்கிரத்தால் படகு கரையை அணுக முடியாதாகையால், ஆமையின் முன்துடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையில் ஒரு மரக்கட்டையைப் பிணைத்து, அதைக் கடலுக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். அலைக்கு அப்பால் காத்திருக்கும் படகுக்காரர், மிதக்கும் கட்டையைக் கண்டு கயிற்றை இழுத்து ஆமையை ஏற்றிக்கொள்வார். தப்பிச் செல்வதாக எண்ணி அந்த ஜீவன் தன்னையே சுமந்து கொண்டுபோய் ஒப்படைக்கும்படி அமைந்த இந்த யுக்தியின் சாமர்த்தியத்தை வியக்காதிருக்கவும் முடியவில்லை. மெச்சவும் மனம் ஒப்பவில்லை. சூப்புக்கு வேண்டிய அடிவயிற்றுக் குருத்தெலும்பை மாத்திரம் அறுத்துக்கொண்டு உடலைக் கரையிலேயே விட்டுப்போனவர்களும் உண்டு. அவர்களோடு ஒப்பிட்டால் வேலடோர் நியாயஸ்தர்.

ஃபுளோரிடா சர்வகலாசாலையின் விலங்கியற் பேராசிரியர் ஆர்ச்சி கார் இக்கரையில் ஆமைகளுக்கு அடையாளமிடும் ஆராய்ச்சியை 1955-இல் தொடங்கினார். மிஸ்கிட்டோ திட்டுகளில் மேயும் ஆமைகளே நூற்றுக்கணக்கான மைல் நீந்தி டோர்ட்டுகேரோவுக்கு முட்டையிட வருகின்றன என்பது கேமன் தீவு மாலுமிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த செய்தி. சாஸ்திரம் அதைப் பரீட்சிக்க வேண்டியதாயிற்று. ஓட்டின் விளிம்பில் கம்பியால் கட்டிய தகடுகளை, புணர்ச்சிக்கு வந்த ஆண் ஆமைகள் பிய்த்தெறிந்துவிட்டன; மாடுகளின் காதில் குத்தும் உலோக வில்லையை முன்துடுப்பில் பொருத்தியபின் காரியம் பலித்தது. வில்லையைத் திருப்பி அனுப்புவோர்க்குச் சன்மானம் உண்டு என்று அதில் பொறித்திருந்தபடியால், ஆமையைக் கொன்றவர்களே செய்தியையும் அனுப்பினார்கள். பெரும்பாலான வில்லைகள் மிஸ்கிட்டோ கரையிலிருந்தே வந்து சேர்ந்தன. மாலுமிகள் சொன்னது மெய்யாயிற்று. கார் 1956-இல் வெளியிட்ட நூலைப் படித்து உருகிய அன்பர்கள் திரட்டிய ஆதரவால் 1959-இல் ஒரு பாதுகாப்புச் சங்கமும், 1970-இல் அரசாணையால் தேசியப் பூங்காவும் பிறந்தன. 1975-இல் பூங்கா சட்டத்தின் பலத்தையும் பெற்றது.

மீட்டர் அளவை வழங்கும் அந்நாட்டில், ஆராய்ச்சியாளர்கள் இன்றும் கரையின் வடபகுதியை மைல் கணக்கிலேயே குறித்து, மைலின் எட்டிலொரு பங்குக்கு ஒரு கம்பம் வீதம் நட்டிருக்கிறார்கள். இரவில் உள்ளூர்வாசிகளான தடம் பார்ப்போர் முன்னே நடந்து, தாயாமை குழி தோண்டி முட்டையிடத் தொடங்கியதும் தகவல் சொல்ல, அதுவரை கரையை ஒட்டிய மரங்களின் பின்னே காத்திருக்கும் யாத்திரிகர்கள், சிவப்பு விளக்கின் மங்கலான ஒளியில், பின்புறமாக வந்து நின்று பார்க்கிறார்கள். இருளில் ஆமைத் தடத்தைக் கண்டுபிடிக்கும் அதே வித்தைக்கு இன்று கூலி கிடைப்பது வேறொரு பெட்டியிலிருந்து. எனினும், அதே கரையிலுள்ள லிமோன் துறைமுகத்து மீனவர்கள் ஆண்டுக்கு 1,800 ஆமைகள் வரை கடலில் பிடித்துக்கொள்ள இருந்துவந்த அனுமதி, பூங்கா பிறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, 1999-இல்தான் நீதிமன்றத் தீர்ப்பால் ரத்தாயிற்று. களவு வேட்டை அதற்குப் பின்னும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.