பவுன் வேற, நகை வேற

கொங்குப் பக்கம் ஒருத்தர் ரிடையர் ஆகி பி.எஃப். பணம் கைக்கு வந்தா, வீட்டுல முதல்ல வர்ற கேள்வி "எத்தனை பவுன் எடுக்கலாம்?" என்பதுதான். அந்தப் "பவுன்" என்ற சொல்லிலேயே கொஞ்சம் வரலாறு இருக்கிறது.

பவுன் என்பது பிரிட்டிஷ் சாவரின் காசு. ஒரு பவுண்டு மதிப்பு, எடை 7.99 கிராம், தரம் 22 காரட். நம்ம ஆளுங்க அதை முழுசாக்கி 8 கிராம்னு வச்சுக்கிட்டாங்க. இன்றைய 916 முத்திரையும் அதே 22-க்கு 24 கணக்குதான். ஆக, பவுன் முதலில் காசு. செய்கூலி, சேதாரம் என்ற பேச்சே அதில் கிடையாது.

அப்புறம் சேமிப்பு ஏன் நகைக்குள்ள போய் உட்கார்ந்துச்சு? நகை ஆசை பழசுதான். ஆனா சட்டமும் அந்தப் பக்கமே தள்ளியது. 1962 சீனப் போருக்குப் பிறகு அந்நியச் செலாவணி நெருக்கடி. 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றார்கள். நாடு முழுக்கப் பொற்கொல்லர்கள் வேலையிழந்தார்கள். அந்த விதி பின்னாடி தளர்ந்தது. ஆனால் 1968 தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம், சாதாரண மக்கள் தங்கத்தைக் கட்டியாக வைத்திருப்பதைத் தடுத்தது. 1990-ல்தான் அது ரத்தானது.

அதே காலத்தில் கோவை மில் தொழிலாளியை நினைச்சுப் பாருங்க. வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952, பணிக்கொடைச் சட்டம் 1972. இரண்டும் மொத்தமாகத் தருகிற பணம். பி.எஃப். தொழிலாளிக்கே மாதாமாதம் ஓய்வூதியம் தரும் திட்டம் 1995-ல்தான் வந்தது. கையில் மொத்தப் பணம், கட்டி வாங்கத் தடை. மிஞ்சியது நகைக்கடை. நகையே சேமிப்பு என்ற பழக்கம் இப்படித்தான் இறுகியது என்பது என் கணிப்பு. சட்டம் போயிருச்சு, பழக்கம் போகல.

இன்னைக்குப் புதுசா இறங்கறவங்க தப்பு பாதி இங்கிருந்துதான் வருது. கணக்கு போட்டுப் பாக்கலாம். 100 ரூபாய் தங்கம். உதாரணத்துக்கு சேதாரம் 12 சதவீதம், அதன் மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம். பில் 115 ரூபாய் 36 காசு. மறுநாளே விற்றால், கழிவு 2 ரூபாய்னு வைத்தாலும் கைக்கு 98. போட்ட பணம் திரும்பவே தங்கம் கிட்டத்தட்ட 18 சதவீதம் ஏறணும். சேதாரம் என்பது பட்டறையில் அரம் போடும்போது உதிரும் பொடிக்கான கணக்காகத் தொடங்கியது. அறுபது வயசுக்காரரின் முதலீட்டில் அதுக்கு என்ன வேலை?

இரண்டாவது தப்பு, "தங்கம் இறங்கவே இறங்காது" என்ற நம்பிக்கை. 1980 ஜனவரியில் லண்டனில் ஒரு அவுன்ஸ் 850 டாலர். 1999-ல் 253-க்கும் கீழே. திரும்ப 850-ஐத் தாண்டியது 2008 ஜனவரியில். 28 வருஷம்! ரூபாய் மதிப்பு சரிந்ததால் நமக்கு அந்த அடி அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனா 60 வயசுல உச்சத்துல வாங்கி 28 வருஷம் காத்திருக்க யாரால முடியும்?

மூன்றாவதுதான் பெரிசு. தங்கம் மாசாமாசம் மருந்துச் செலவுக்குக் காசு தராது. வட்டி தந்தது தங்கப் பத்திரம்; 2015-ல் வந்தது, ஆண்டுக்கு முதலில் 2.75 சதவீதம், பிறகு 2.5 சதவீதம். 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதுசா வெளியிடவில்லை.

அதனால சொல்றது இதுதானுங்க. மாசச் செலவுக்கான பணத்தை முதல்ல தனியா ஒதுக்குங்க. மிச்சத்தில் ஒரு பங்குக்கு மட்டும் தங்கம். அதையும் ஒரே நாளில் வாங்காமல், நாணயமாகவோ கோல்டு இ.டி.எஃப். ஆகவோ பிரித்து வாங்கலாம். பேத்திக்கு வளையல் எடுக்கணும்னா தாராளமா எடுங்க. அதைச் செலவுக் கணக்குல எழுதுங்க, சேமிப்புல வேண்டாம்.