கொல்லப் பணிக்கப்பட்ட வைத்தியர்கள்

இங்கிலாந்தில் மிருக வைத்தியம் 1844-இல் அரசுச் சாசனம் பெற்று மதிப்புக்குரிய தொழிலாயிற்று. 1865-இல் வெக்கை நோய் லண்டன் மாட்டுத் தொழுவங்களிற் புகுந்தபோது, நோய் கண்டவற்றை உடனே கொல்வதன்றி வேறு மார்க்கமில்லையென ஜான் காம்ஜி என்னும் வைத்தியர் வற்புறுத்தினார். அவர் சொல்லுக்குச் செவிசாய்க்காத அரசாங்கம், மாடுகள் பெருந்திரளாக மாண்ட பின்னர், 1866-இல் அதனையே சட்டமாக்கிற்று. மாட்டுக்காரருக்கு நஷ்டஈடு வகுத்த அச்சட்டம், காப்பாற்றக் கற்ற கையால் கொலைக்குக் கையெழுத்திட வேண்டியவரின் மனத்தைப் பற்றி ஏதும் பேசவில்லை.

1897-இல், விக்டோரியா ராணியின் வைரவிழா ஆண்டில், நலிவுற்ற வைத்தியர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஒரு தர்மநிதி எழுந்தது. உத்தமமான காரியந்தான், ஆனால் அது கண்ட துன்பம் வறுமை ஒன்றே. மனம் நொந்தவர் இரவிலும் கூப்பிட்டுப் பேசத்தக்க தொலைபேசி உதவி, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1990-களில்தான் வந்தது.

அதன் அவசியத்தை உலகுக்கு உணர்த்தியது 2001-ஆம் ஆண்டு. அவ்வருஷம் பிப்ரவரியில் எஸ்ஸெக்ஸ் வட்டாரத்துக் கசாப்புக் கூடமொன்றில் பன்றிகளிடம் தென்பட்ட கோமாரி, 2,026 பண்ணைகளைப் பீடித்தது. கோமாரி கண்ட மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் என்பது நம் உழவருக்குத் தெரியும். ஆயினும் ஏற்றுமதி வியாபாரத்தைக் கருதி, நோயுள்ள பண்ணையில் 24 மணி நேரத்திலும், அதை அடுத்த பண்ணைகளில், அங்கே நோயின் அறிகுறியே இல்லாவிடினும், 48 மணி நேரத்திலும் கால்நடைகளைக் கொன்றுவிட வேண்டுமென்று கட்டளை பிறந்தது. ஆடுகள் ஈனும் பருவம் அது. குட்டியைப் பத்திரமாக வெளியே எடுக்கப் பயின்ற வைத்தியர், தாயையும் குட்டியையும் ஒருங்கே மாய்க்க, உரிமையாளர் அழுது நிற்கும் முற்றத்தில் காலூன்றி நிற்க வேண்டியதாயிற்று. 60 லட்சத்துக்கு மேற்பட்ட பிராணிகள் மடிந்தன. கம்ப்ரியா பிரதேசத்தில் கிரேட் ஆர்ட்டன் விமானத்தளத்தில் மாத்திரம் 4 லட்சத்துக்கு மேற்பட்ட உடல்கள் புதைக்கப்பட்டன.

பின்னர் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் அப்பிரதேசத்து மக்கள் 54 பேரை வாரந்தோறும் நாட்குறிப்பு எழுதச் செய்தனர். உழவர், வைத்தியர், கொலைப்பணி செய்தோர் எல்லாரும் அதில் இருந்தனர். சம்பவம் முடிந்து நெடுநாளாகியும் அக்காட்சிகள் திரும்பத் திரும்பத் தோன்றி வருத்தியதை அக்குறிப்புகள் காட்டின. கோமாரி அடங்கிய காலத்திலும் இத்தொழிலின் பாரம் இலேசானதன்று: நெடிய வேலைநேரம், தனிமை, பிணிப்பட்ட செல்லப்பிராணியின் உயிரை நாள்தோறும் முடித்துவைக்கும் கடமை, உதவி கேட்டால் பெயர் கெடுமென்ற அச்சம். பிரிட்டனில் வைத்தியர்களிடையே தற்கொலை பொதுஜனங்களைக் காட்டிலும் மும்மடங்கேனும் அதிகமென ஆராய்ச்சியாளர் எழுதினர்.

வைத்தியரின் ஒழுக்கத்தை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் பெற்றதும் 1844-இன் சாசனத்தால் அமைந்ததுமான ராயல் காலேஜ், அவர்தம் மனநலத்துக்கென்று 'மைண்ட் மேட்டர்ஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது 2014-இல். சாசனம் பெற்று 170 ஆண்டுகள் கழிந்த பின்னர். இத்தனை தாமதத்துக்கு நியாயம் ஏதும் இல்லை.