மூலம் கற்ற மாணவர்

நம் நாட்டில் பழைய இலக்கியங்களை அச்சிடுவோர் நூலின் முகப்பிலே ‘மூலமும் உரையும்’ என்று பொறிப்பது வழக்கம். ஆசிரியர் இயற்றியது மூலம். அதன் பொருளை விளக்க வந்தது உரை. மூலம் கையில் இருந்தால்தான் உரைகாரர் கூறுவது பொருந்துமா என்று மாணாக்கன் தானே ஆராய்ந்து தெளிய முடியும். மூலத்தை மறைத்துவிட்டு உரையை மட்டும் ஓதினால் அக்கல்வி அரைகுறையாகவே நின்றுவிடும்.

மாணவச் செல்வங்களே! கணிப்பொறிக்கும் இத்தகைய மூலம் ஒன்று உண்டு. நீங்கள் ஒரு விசையை அழுத்துகிறீர்கள். திரையில் ஓர் எழுத்துத் தோன்றுகிறது. இடையே நின்று உங்கள் ஏவலைப் பெற்று, நினைவகத்தில் இடம் ஒதுக்கி, வட்டில் பதிந்து, பல வேலைகள் ஒன்றோடொன்று மோதாமல் முறைவைத்து நடத்துவது எது? அதனையே இயங்குதளம் என்கிறோம். அது மனிதர் எழுதிய ஏவல் வரிகளால் ஆனது. அவ்வரிகளுக்கு மூலநிரல் என்று பெயர். அவற்றைப் பொறிக்கு ஏற்ற எண்களாக மாற்றிய பின்னர்ப் பொறிக்கு அது விளங்கும். மனிதர்க்கு எளிதில் விளங்காது. விலைக்கு வரும் இயங்குதளங்களிற் பல இவ்வெண் வடிவிலேயே கிடைக்கின்றன. மூலநிரலையும் உடன் தந்து, எவரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கும் வழங்கலாம் என்று உரிமை அளிப்பனவற்றைத் திறந்த மூல இயங்குதளங்கள் என்கிறோம். அத்தகைய தளம் ஒன்று, கற்கத் தொடங்கிய ஓர் இளைஞரின் கையிலே பிறந்த வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவ்வரலாற்றுக்கு ஒரு முன்கதை உண்டு. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்னும் அறிஞர்கள் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். பல்கலைக்கழகங்கள் சிறுதொகை செலுத்தி மூலநிரலுடனேயே அதனைப் பெற்றுவந்தன. ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்னும் பேராசிரியர் தம் மாணவர்க்கென அம்மூலத்தை ஒரு தொகுதியாகவும், அதற்குத் தாம் எழுதிய விளக்கத்தை மற்றொரு தொகுதியாகவும் அமைத்தார். நம்மவர் வழக்கில் சொன்னால், அது யூனிக்ஸ் மூலமும் லயன்ஸ் உரையும்! ஆனால் 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பறையில் பாடமாக நடத்தலாகாது என்று தடுத்தது. கதவு அடைபட்டது. லயன்ஸின் உரையை மாணவர்கள் படிக்குப் படியெடுத்துக் கைமாற்றிக் கற்றனர். 1996-ஆம் ஆண்டில்தான் அது முறைப்படி நூலாக வெளிவந்தது.

அடைபட்ட கதவைக் கண்டு இருவர் இருவேறு வழியில் முயன்றனர். ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், யூனிக்ஸ் போலவே இயங்கும் சிறிய தளம் ஒன்றைத் தாமே எழுதினார். அதற்கு மினிக்ஸ் என்று பெயரிட்டு, ஏறத்தாழ 12,000 வரி மூலநிரலையும் தம் பாடநூலின் இறுதியில் அச்சிட்டு 1987-இல் வெளியிட்டார். அமெரிக்கராகிய ரிச்சர்டு ஸ்டால்மன், முழுதும் கட்டற்ற இயங்குதளம் ஒன்றைச் சமைக்கப்போவதாக 1983-இல் அறிவித்து, க்னூ என்னும் பணியைத் தொடங்கினார். மொழிமாற்றி முதலிய கருவிகள் பல அவருடைய குழுவினரால் உருவாயின. ஆயினும் தளத்தின் நடுவே இருந்து அனைத்தையும் ஆளும் கருப்பகுதி மட்டும் 1991 வரையில் நிறைவுறவில்லை.

இனி பின்லாந்து நாட்டின் தலைநகராகிய ஹெல்சிங்கிக்கு வருவோம். வடதுருவத்தை அண்டிய நாடு அது. சனவரித் தொடக்கத்தில் பிற்பகல் மூன்றரை மணிக்கே கதிரவன் மறைந்துவிடுவான். 1969 டிசம்பர் 28-ஆம் நாள் அந்நகரில் பிறந்தவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அவருடைய தாய்வழிப் பாட்டனார் புள்ளியியற் பேராசிரியர். அம்முதியவர் சிறு கணிப்பொறி ஒன்று வாங்கினார். தாம் தாளில் எழுதிய நிரல்களைப் பேரனைக் கொண்டு விசைப்பலகையில் அடிக்கச் செய்தார். பேரனுக்கு அப்போது வயது பதினொன்று அளவே இருக்கும். கருவியைத் தொடாதே என்று சொல்லாத பாட்டனார் அவருக்கு வாய்த்தது பெரும்பேறு.

1988-இல் அவர் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். கட்டாய இராணுவப் பணியை முடித்துத் திரும்பிய பின், 1990-இல் யூனிக்ஸை முதன்முதலாகப் பயின்றார். பல்கலைக்கழகத்து யூனிக்ஸ் பொறியை ஒரே வேளையில் பதினாறு பேர் மட்டுமே பயன்படுத்த முடியும். டானன்பாமின் பாடநூலையோ அக்கோடையிலேயே அவர் ஊன்றிப் படித்திருந்தார். அந்நூலிற் கண்ட தளத்தைத் தம் வீட்டிலேயே இயக்கிப் பார்க்கவேண்டும் என்னும் வேட்கை மிகுந்தது. 1991 சனவரியில் கடனும் தவணையுமாக 386 வகைக் கணிப்பொறி ஒன்றை வாங்கினார். அதன் நினைவகம் 4 மெகாபைட். நிலைவட்டு 40 மெகாபைட். இன்று உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே சில மெகாபைட் அளவு இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மினிக்ஸ் பதினாறு நெகிழ்வட்டுகளில் வந்து சேர்ந்தது. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இட்டுத் தளத்தை நிறுவினார். அதன் பின்னர்ப் பிழைகளும் குறைகளும் அவர் கண்ணிற் பட்டன. தொலைபேசி வழியே பல்கலைக்கழகப் பொறியோடு தொடர்பு கொள்ளும் நிரல் மினிக்ஸில் அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஆகவே அதனைத் தாமே எழுதத் துணிந்தார். பொறியின் இயல்பை அடிமுதல் அறியவேண்டும் என்பதற்காக, எந்த இயங்குதளத்தின் துணையும் இன்றி நேரே பொறியோடு பேசும் வகையில் அதனை எழுதினார். முதற்பயிற்சி மிக எளியது. இரண்டு வேலைகள் மாறி மாறி நடக்கவேண்டும். ஒன்று திரையில் ‘ஏ’ என்னும் எழுத்தை இடும், மற்றொன்று ‘பி’ என்னும் எழுத்தை இடும். அவ்வளவே. பிறர்க்கு அது விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பொறி பல பணிகளை முறைவைத்துச் செய்யும் தத்துவம் முழுவதும் அவ்விரண்டு எழுத்துகளுக்குள் அடங்கியிருந்தது.

பின்னர்க் கோப்புகளை இறக்கிவைக்க வேண்டியதாயிற்று. அதற்காக வட்டை இயக்கும் பகுதியை எழுதினார். கோப்புகளை ஒழுங்குபடுத்த வேண்டியதாயிற்று. அதற்கும் ஒரு பகுதி எழுதினார். ஒவ்வொரு தேவையும் அடுத்த பாடத்திற்கு அழைத்துச் சென்றது. இறுதியில் நிமிர்ந்து பார்த்தபோது தாம் எழுதிக்கொண்டிருப்பது ஓர் இயங்குதளமே என்பதை உணர்ந்தார். 1991 ஆகஸ்டு 25-ஆம் நாள், மினிக்ஸ் பயில்வோர் மின்வழியாகக் கருத்துப் பரிமாறும் பொதுமன்றத்தில் இச்செய்தியை அறிவித்தார். இது வெறும் பொழுதுபோக்கு என்றும், க்னூவைப் போலப் பெரிதாக வளராது என்றும் அவ்வறிவிப்பிலே அடக்கத்துடன் குறிப்பிட்டார். மினிக்ஸில் எவை பிடிக்கும், எவை பிடிக்காது என்று பிறரைக் கேட்கவும் செய்தார். செப்டம்பர் மாதம் ஏறத்தாழ 10,000 வரிகள் கொண்ட முதற்பதிப்பு வெளிவந்தது. தம் பெயரின் சாயல் வருவதற்கு அவர் கூசினார்; வேறு பெயரையே எண்ணியிருந்தார். கோப்புகளை வைக்கக் கணினியில் இடம் அளித்த ஆரி லெம்கே என்பவர்தாம் அவ்விடத்துக்கு லினக்ஸ் என்று பெயரிட்டார். அப்பெயரே நிலைத்துவிட்டது.

மாணவர்களே, இவ்வரலாற்றில் என் உள்ளத்தைத் தைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஒருநாள், பல்கலைக்கழகத்தோடு தொடர்பு கொள்வதற்காகத் தொலைபேசிக் கருவிக்கு அனுப்பவேண்டிய ஏவலை அவர் தவறுதலாக நிலைவட்டுக்கு அனுப்பிவிட்டார். வட்டில் மினிக்ஸ் இருந்த பகுதி பாழாயிற்று. தொடக்க மாணவர்க்கு நேரக்கூடிய பிழைதான் அது. மினிக்ஸை மீண்டும் நிறுவலாமா என்று எண்ணிய அவர், தாம் எழுதிய தளமே இப்போது போதுமானது என்று முடிவு செய்து அதனையே தம் பொறியில் நிலைநிறுத்தினார். பிழை ஒன்று திருப்புமுனை ஆயிற்று.

இதனைப் படித்தபோது நான் வெட்கத்தால் தலைகுனிந்தேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளிக்குச் சில கணிப்பொறிகள் வந்தன. அவற்றைத் துணியால் மூடி, அறையைப் பூட்டி, சாவியை என் மேசை அறையில் வைத்தேன். காலணிகளைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே சென்று பார்ப்பதே மாணவர்க்கு வாய்த்த கணினிக் கல்வி. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், லினக்ஸ் அடங்கிய குறுவட்டு ஒன்றை எங்கிருந்தோ பெற்றுவந்து, ஆய்வக வேளையில் ஒரு பொறியில் அதனை நிறுவ முயன்றான். வட்டிலிருந்த அனைத்தும் அழிந்து போயிற்று. மற்ற ஆசிரியர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டேன். அவ்வாண்டு முழுவதும் அந்த அறைக்குள் நுழையலாகாது என்று ஆணையிட்டேன். அவன் செய்த பிழையும் ஹெல்சிங்கி மாணவர் செய்த பிழையும் ஓரினத்தனவே. அங்கே மாணவர் தம் பொறிக்குத் தாமே உரிமையாளர், தடுப்பார் இல்லை. இங்கே பூட்டும் சாவியும் என் கையில் இருந்தன. அழிந்த கோப்புகளை மறுநாளே ஒருவர் வந்து சரிசெய்துவிட்டார். அம்மாணவன் அதன்பின் என்னிடம் எந்த வினாவும் கேட்டதில்லை. அதனைச் சரிசெய்ய எவராலும் இயலவில்லை.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். லினக்ஸ் பலருடைய கைக்குச் சென்றது. பணம் அனுப்பலாமா என்று கேட்டவர்களிடம், உங்கள் ஊர் அஞ்சலட்டை ஒன்று அனுப்பினால் போதும் என்றார் அவ்விளைஞர். செருமனி நாட்டவர் ஒருவரிடம் 2 மெகாபைட் நினைவகமே இருந்தது. அதில் மொழிமாற்றி இயங்கவில்லை. அக்குறையைக் கேட்ட டோர்வால்ட்ஸ், 1991 கிறிஸ்துமஸ் விடுமுறையில், வட்டின் ஒரு பகுதியையே நினைவகம் போலப் பயன்படுத்தும் வசதியை எழுதிச் சேர்த்தார். 1992-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்டால்மன் வகுத்த பொது உரிமத்தை ஏற்றுக்கொண்டார். மூலத்தைப் பெற்றுத் திருத்தி வெளியிடுவோர், தாம் பெற்ற அதே உரிமையைப் பிறர்க்கும் அளிக்கவேண்டும் என்பது அதன் சாரம். க்னூவின் கருவிகளும் லினக்ஸ் என்னும் கருப்பகுதியும் ஒன்றுசேர்ந்தன. எட்டாண்டுகளாக எதிர்பார்க்கப்பட்ட கட்டற்ற தளம் முழுமை பெற்றது.

அவ்வாண்டு சனவரியிலே ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு சொற்போரும் நிகழ்ந்தது. லினக்ஸின் அமைப்பு காலங்கடந்தது என்றும், தம்மிடம் பயிலும் மாணவர் இப்படி அமைத்திருந்தால் உயர்ந்த மதிப்பெண் கிடைத்திராது என்றும் டானன்பாம் எழுதினார். இளைஞர் சுடச்சுட விடையிறுத்தார். பிறகு தம் சொற்களின் கடுமைக்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். கருத்து வேற்றுமை நீடித்தது. எனினும் டானன்பாம் மூலத்தை அச்சிட்டுத் தந்திராவிடில், தம்மோடு வாதிடவல்ல அம்மாணவரை அவர் பெற்றிருப்பாரா? மாணவன் தன்னை மறுத்துரைக்கும் அளவுக்குக் கற்பித்த ஆசிரியன் தோற்றவன் அல்லன்.

1994 மார்ச்சுத் திங்களில் லினக்ஸின் 1.0 பதிப்பு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் வெளியிடப்பட்டது. அப்போது அது 1,76,250 வரிகளாக வளர்ந்திருந்தது. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இருக்கும் கருப்பகுதி லினக்ஸே. 2017 நவம்பர் முதல், உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளின் பட்டியலில் இடம்பெற்றவை அனைத்தும் லினக்ஸைக் கொண்டே இயங்கி வருகின்றன. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் என்னும் தளம் 2007-இல் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அதனைப் பயன்படுத்தலாம். மூலம் திறந்திருப்பதால்தான், எவருடைய இசைவுக்கும் காத்திராமல் நம் மொழியை அதனுள் சேர்க்க முடிந்தது.

இளைஞர்களே, நீங்கள் இக்கல்வியைத் தொடங்க விரும்பினால் ஒன்றிரண்டு சொல்வேன். முதலில் உங்கள் கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். அச்சமின்றிப் பிழை செய்ய அதுவே துணை. விரலளவு நினைவகத்திலிருந்து லினக்ஸை இயக்கிப் பார்த்தால், வட்டிலுள்ள எதனையும் தொடாமலே அதனைப் பயிலலாம். வீட்டில் ஒதுக்கிவைத்த பழைய கணினி இருப்பின் அதனை உங்கள் பயிற்சிக் களமாக்குங்கள். தளத்தினுள்ளேயே கையேடு உண்டு, அதனைப் படியுங்கள். பிழை நேர்ந்தால் திரையில் தோன்றும் செய்தியைப் படித்துப் பொருளறிந்த பிறகே பிறரிடம் கேளுங்கள். உங்களுக்கு விடை கிடைத்தால் அதனை அடுத்தவர்க்கும் எழுதி வையுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். உங்கள் பள்ளியிலும் ஒரு மாணவன் கணினியில் இருந்ததை அழித்துவிட்டு நடுங்கியபடி உங்கள் முன் வந்து நிற்பான். என்ன செய்தாய் என்று அதட்டாமல், எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். அவன் சொல்லும்வரை பொறுத்திருங்கள். அன்று நான் கேட்கத் தவறிய வினா அது.