மோனோரயில் விற்க வந்தவன்

1993 ஜனவரி 14 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் ஒரு எபிசோட் ஒளிபரப்பானது. பெயர் 'மார்ஜ் வெர்சஸ் தி மோனோரயில்'. எழுதியவர் கோனன் ஓ'பிரையன். அதே வருடம் செப்டம்பரில் இரவு நேர டாக் ஷோ நடத்தப் போய்ப் பெரிய ஆளாகிவிட்ட அதே கோனன்தான். விளம்பரங்களைக் கழித்தால் அரை மணி நேரம்கூட வராத இந்த எபிசோடில் பழைய சினிமா, பழைய டிவி தொடர், மேடை நாடகம் என்று எத்தனை கிண்டல்கள் ஒளிந்திருக்கின்றன என்று எண்ண ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது.

முதல் காட்சியே ஒரு கிண்டல்தான். அணுமின் நிலையத்தில் சங்கு ஊதுகிறது. ஹோமர் சிம்ப்சன் வேலையைப் போட்டுவிட்டு, தன்னைப் பற்றித் தானே பாடிக்கொண்டு காரில் பறக்கிறார். நேராகப் போய் ஒரு மரத்தில் மோதுகிறார். இது 'தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடரின் தொடக்கப் பாட்டை அப்படியே உருவி மாற்றியது. 1960ல் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்தான், பெரியவர்களும் உட்கார்ந்து பார்க்கும் இரவு நேரத்துக்கு வந்த முதல் கார்ட்டூன் குடும்பத் தொடர். 166 எபிசோடுகள் ஓடியது. அந்தச் சாதனையை 1997 பிப்ரவரியில் முறியடித்தது சிம்ப்சன்ஸ்தான். அப்படிப் பார்த்தால் இது பேரன் தாத்தாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்து காட்டுகிற மாதிரி. அந்தத் தாத்தாவே 'தி ஹனிமூனர்ஸ்' என்ற 1950களின் தொடரைப் பார்த்து வளர்ந்தவர் என்பது கொசுறுத் தகவல்.

அடுத்து முதலாளி பர்ன்ஸ். அணுக்கழிவைப் பூங்காவில் கொண்டுபோய் ஒளித்துவைத்து மாட்டிக்கொள்கிறார். கையைக் காலைக் கட்டி, வாயில் முகமூடி போட்டு, மூட்டை தள்ளுகிற தள்ளுவண்டியில் நிற்கவைத்து அழைத்து வருகிறார்கள். 1991ல் வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்' பார்த்தவர்களுக்கு ஹானிபல் லெக்டர் உடனே ஞாபகத்துக்கு வந்துவிடுவார். பார்க்காதவர்களுக்கு, கிழவனுக்கு ஏன் இவ்வளவு பந்தோபஸ்து என்று சிரிப்பு வரும். நல்ல ஜோக்தான், ஆனால் அடையாளம் கண்டுபிடித்ததும் அதன் வேலை முடிந்துவிட்டது.

முடியாத ஒரு கிண்டலும் இதில் இருக்கிறது. எபிசோடின் முதுகெலும்பே அதுதான்.

பர்ன்ஸ் கட்டும் அபராதம் 30 லட்சம் டாலர். ஸ்பிரிங்ஃபீல்ட் ஊருக்குத் திடீரென்று கையில் காசு. என்ன செய்யலாம் என்று ஊர்க்கூட்டம் போடுகிறார்கள். குண்டும் குழியுமாகக் கிடக்கும் மெயின் ரோட்டைச் சரிசெய்யலாம் என்கிறார் ஹோமரின் மனைவி மார்ஜ். கூட்டமும் ஏறக்குறைய ஒத்துக்கொண்டுவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு விசில் சத்தம். வில் டை கட்டிய லைல் லான்லி என்ற ஆள் எழுந்து வந்து, மோனோரயில் வாங்குங்கள் என்கிறான். ஒரு பாட்டு. அவ்வளவுதான், ஊரே பின்னால் ஆடிக்கொண்டு போகிறது.

இது 1957 டிசம்பரில் பிராட்வே மேடையேறிய 'தி மியூசிக் மேன்' இசை நாடகம். எழுதியவர் மெரெடித் வில்சன். 1962ல் சினிமாவாகவும் வந்தது. கதை 1912ல் நடக்கிறது. ஹரால்ட் ஹில் என்ற எத்தன் அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றுக்கு வருகிறான். பையன்களுக்கு பேண்டு வாத்தியம் கற்றுத் தருவதாகச் சொல்லி, வாத்தியமும் சீருடையும் விற்று, காசோடு கம்பி நீட்டுவதுதான் திட்டம். அவனுக்கு இசை சுத்தமாகத் தெரியாது.

இரண்டு எத்தன்களும் சரக்கை விற்கும் விதத்தைக் கவனித்தால் வித்தியாசம் தெரியும். ஹில் பயத்தை விற்கிறான். ஊரில் புதிதாக வந்திருக்கும் பூல் மேஜையைக் காட்டி, உங்கள் பிள்ளைகள் கெட்டுக் குட்டிச்சுவராகப் போகிறார்கள் என்று பெற்றோரைக் கலக்குகிறான். லான்லிக்கு அது தேவைப்படவில்லை. இது உங்களுக்குச் சரிப்படாது, பக்கத்து ஊர் ஷெல்பிவில்லுக்குத்தான் லாயக்கு என்று கிளம்புவதுபோல நடிக்கிறான். பக்கத்து ஊர்க்காரன் பெயரைச் சொன்னதும் மேயரே பதறிவிடுகிறார். பள்ளிக்கூடத்தில் சிறுமி லிசா, இந்தச் சின்ன ஊருக்கு எதற்கு மோனோரயில் என்று சரியான கேள்வி கேட்கிறாள். பதில் சொன்னால் உனக்கும் எனக்கும் மட்டும்தான் புரியும் என்கிறான். கேட்டவள் வாயை மூடிக்கொண்டு பூரித்துப்போகிறாள். மார்க்கெட்டிங் வகுப்பில் முகஸ்துதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நாடகத்தில் நூலகர் மேரியனுக்கு ஹில்லின் மேல் சந்தேகம். அவன் 1905ல் படித்து முடித்ததாகச் சொன்ன ஊரே 1906ல்தான் உருவானது என்று ஒரு புத்தகத்தில் கண்டுபிடித்துவிடுகிறாள். ஆனால் அதற்குள் காதல் வந்து, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறாள். எத்தனும் திருந்துகிறான். பையன்கள் கர்ண கடூரமாக வாசிக்க, பெற்றோர் கண்ணீர் விட, சுபம்.

சிம்ப்சன்ஸில் மேரியனின் இடத்தில் இருப்பவர் மார்ஜ். லான்லி ஏற்கெனவே மோனோரயில் விற்ற நார்த் ஹேவர்ப்ரூக் என்ற ஊருக்கே போய்ப் பார்க்கிறார். ஊர் பாழடைந்து கிடக்கிறது. இவர் எந்தப் பக்கத்தையும் கிழிக்கவில்லை, வண்டியைக் கட்டிய இன்ஜினியரையே கூட்டிக்கொண்டு வருகிறார். லான்லியும் திருந்தவில்லை. விமானத்தில் தப்பி ஓடுகிறான். அது வழியில் அதே நார்த் ஹேவர்ப்ரூக்கில் இறங்க, ஊர் மக்கள் காத்திருந்து பிடித்துக்கொள்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் முந்தைய நாடகம் எத்தனை மன்னித்தது. காசு கொடுத்தவர்களின் கதி என்ன என்று கார்ட்டூன்தான் கேட்டது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவுக்கு வெளியே பலருக்கு மியூசிக் மேன் என்று ஒன்று இருப்பதே இந்தப் பாட்டின் மூலத்தைத் தேடிப் போன பிறகுதான் தெரியும்.

ஆனால் இந்தக் கிண்டலில் அநியாயமாக அடிபட்டது மோனோரயில். டோக்கியோவில் 1964 முதல் ஹனேடா விமான நிலையத்துக்கு மோனோரயில் ஒழுங்காக ஓடுகிறது. கார்ட்டூனில் தப்பு செய்தது விசாரிக்காமல் வாங்கிய ஊர். ஆனாலும் எந்த நகரத்தில் இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும், யாராவது லான்லியின் பாட்டை முணுமுணுக்காமல் விடுவதில்லை.

இப்படி ஆகும் என்று முன்கூட்டியே யோசித்த ஒருவர் உண்டு. மோனோரயில் தொடக்க விழாவுக்கு 'ஸ்டார் ட்ரெக்' நடிகர் ஒருவர் சிறப்பு விருந்தினராக வர வேண்டும் என்பது திட்டம். முதலில் கேட்டது ஜார்ஜ் டகேயை. அவர் முன்பு தெற்கு கலிஃபோர்னியாவின் பொதுப் போக்குவரத்து நிறுவனத்தில் இயக்குநர் குழு உறுப்பினராக இருந்தவர். பொதுப் போக்குவரத்தைக் கேலி செய்ய மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

பதிலாக லெனார்ட் நிமாய் வந்து குரல் கொடுத்தார். மேயர் அவரை 'ஸ்டார் வார்ஸ்' வசனம் சொல்லி வாழ்த்துகிறார். நான் யாரென்று தெரியுமா என்று நிமாய் கடுப்பாகிறார். வண்டி தறிகெட்டு ஓடி, ஹோமர் பாடுபட்டு நிறுத்திய பிறகு, தன் வேலை முடிந்தது என்கிறார் நிமாய். நீங்கள் எதுவுமே செய்யவில்லையே என்று பக்கத்திலிருக்கும் பார்னி கேட்க, அப்படியா என்று சிரித்துக்கொண்டே, ஸ்டார் ட்ரெக் பாணியில் மினுமினுத்து மறைந்துபோகிறார்.